ஆண்கள் அன்றாட டென்ஷனை எப்படிச் சமாளிப்பது? கோத்தகிரி நண்பர் ஒருவருக்குப் பதில்

கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலைத் தோட்டமும் ஒரு சுற்றுலா வண்டியும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “டென்ஷன் தாங்க முடியவில்லை. யோகா கிளாஸ், ஜிம் என்று சொல்லாதீர்கள். அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு ஆம்பளை தினமும் செய்யக்கூடிய மாதிரி ஏதாவது இருக்கிறதா?” இலை விலை, வண்டி டியூ, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்றான பிறகு குறைந்த சவாரி, ராத்திரி 2 மணிக்கு விழிப்பு, நெஞ்சில் ஒரு பிடிப்பு என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் “நான் வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள்” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. டென்ஷன் அடியோடு ஒழியாது என்று அவருக்கே தெரியும். அது வீட்டு ஆட்கள் மேல் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் கேட்கிறார். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். நீலகிரியில் பல வருடங்களாக ஓட்டுநர்கள், சிறு விவசாயிகள், எஸ்டேட் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தினர் என்று பலரோடும் பேசிப் பழகியவன். மருத்துவர் இல்லை. மாத்திரை எழுத எனக்குத் தகுதி கிடையாது. நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன பிரச்சினை என்று சொல்லவும் மாட்டேன். கீழே எழுதுவதில் எது உறுதியாகத் தெரிந்தது, எது சந்தேகத்துக்குரியது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நெஞ்சு. பிடிப்பு, படபடப்பு, கையில் இழுப்பு எல்லாவற்றையும் ‘கேஸ்’ என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டு வண்டி எடுக்கும் பழக்கம் நம் ஸ்டாண்டுகளில் சாதாரணம். டென்ஷனாலும் நெஞ்சு பிடிக்கும், உண்மைதான். ஆனால் டென்ஷன்தான் காரணம் என்று சொல்ல வேண்டியது பரிசோதனை செய்த மருத்துவர். அரசு மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள். கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். மேட்டில் ஏறும்போது பிடித்து, நின்றால் விடுகிற வலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். வியர்த்துக் கொட்டி, வலி விடாமல் இருந்தால் உடனே 108. இதைப் பார்க்காமல் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது சரியில்லை என்பதால் முதலிலேயே எழுதுகிறேன்.

ஆண்களிடம் மன அழுத்தம் அழுகையாக வெளியே வருவது குறைவு. எரிச்சலாக வரும், கழுத்து வலியாக வரும், குடியாக வரும், வளைவில் வேகம் குறைக்காத ஓட்டமாக வரும். பல பேர் “எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல சார், உடம்புதான் சரியில்ல” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சாலையில் திடீரென்று காட்டெருமை நின்றால் உடம்பில் அட்ரினலின் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும். அது விலகிப் போனதும் சில நிமிடங்களில் எல்லாம் இறங்கிவிடும். கடன் அப்படி விலகிப் போவதில்லை. மாதம் முழுக்க எதிரிலேயே நிற்கிறது. உடம்பும் மாதம் முழுக்க இறுகியே இருக்கிறது. அந்த நிலையில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூடக் கத்தத் தோன்றும்.

ஆனால் நான் பார்த்தவரை ஆட்களை அதிகம் வாட்டியது கடனைவிட அதை மறைப்பதுதான். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தீராத தலைவலி என்று வந்தார். சட்டைப் பையில் இரண்டு போன். ஒன்று சவாரிக்கு. இன்னொன்று ஃபைனான்ஸ்காரர்களுக்கு மட்டும் கொடுத்திருந்த நம்பர். வீட்டுக்குப் போகும் முன் அதை அணைத்து, வண்டி துடைக்கிற துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அவர் என்னிடம் பேசிய நேரத்தில் பாதி, கடன் தொகையைப் பற்றியே இல்லை. பையன் வண்டி கழுவும்போது அந்த போன் கையில் கிடைத்துவிடுமோ என்பதைப் பற்றித்தான். கடைசியில் மனைவியிடம் சொன்னார். சொன்ன அன்று பெரிய சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு நோட்டை எடுத்து வைத்தாராம். அவரும் குழுவில் ஒரு கடன் வாங்கி, இவருக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து மொத்தமாகக் கூட்டிப் பார்த்தார்கள். தொகை அப்படியேதான் இருந்தது. ஆனால் இரண்டாவது போன் சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது, தலைவலி மாத்திரை வாங்குவதும் குறைந்தது.

உங்கள் மனைவிக்கு மொத்தத் தொகை தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ராத்திரியில் வேண்டாம், குடித்துவிட்டுக் கட்டாயம் வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன ஒரு பகல் நேரத்தில், தாளில் எழுதி, முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை அடுத்த மாதம் சொன்னால் அப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள். அந்தத் தாளிலேயே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இலை விலை ஒரு பக்கம், அது குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸும் அதே பக்கம், அது நீதிமன்ற உத்தரவு. இந்த இரண்டையும் நினைத்து ராத்திரி விழித்திருப்பதால் ஒரு ரூபாய்கூட மாறாது. டியூ தேதியை இலைப் பணம் வருகிற வாரத்துக்கு மாற்றக் கேட்பது, தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுவது, எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று முடிவெடுப்பது, இவை மறுபக்கம். அதில் ஒன்றை மட்டும் இந்த வாரம் செய்யுங்கள்.

இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. ராத்திரி 9 மணிக்கு வருகிற போனை நீங்கள் எடுத்தே ஆக வேண்டியதில்லை. வந்த நேரத்தைக் குறித்து வைத்துப் புகார் செய்யலாம். தனியாரிடம் மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று மாட்டியிருந்தால், தமிழ்நாட்டில் 2003-லிருந்தே அதற்குத் தனியாகத் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம். இதற்கு மேல் சட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஊட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இனி வீட்டுக்குள் நுழைகிற விஷயம். குஞ்சப்பனை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, தேவையான வளைவில் பிடிக்காமல் போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்கிறீர்கள். கோபத்தை வாசற்படியில் வைத்து அடக்கப் பார்ப்பதும் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதிப்பது மாதிரிதான். வீட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால், சாலையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துத் தோள் காது வரை ஏறியிருக்கும், அதைக் கீழே இறக்குங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் நேரம் மூச்சை இழுங்கள், 6 எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 6 மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதனால்தான் விடுகிற நேரத்தை நீட்டச் சொல்கிறேன். தலை சுற்றினால் ரொம்ப ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், சாதாரண மூச்சுக்கு வந்துவிடுங்கள். இது அந்த நேரத்துக்குப் படபடப்பைக் குறைக்கும் என்பது உறுதி. தினமும் செய்தால் ஆறு மாதத்தில் குணமே மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் முகம் கழுவி, சட்டை மாற்றி, அப்புறம் பேசுங்கள். முதல் பேச்சு மார்க்கைப் பற்றியோ செலவைப் பற்றியோ இருக்க வேண்டாம். பிள்ளைகளிடம் ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: “அப்பாவுக்கு வண்டி விஷயத்துல கவலை, அதான் கத்திட்டேன். உங்க மேல தப்பு இல்ல.” வீட்டில் பெரியவர்கள் கோபமாக இருந்தால் அதற்குத் தாங்கள்தான் காரணம் என்று குழந்தைகள் எடுத்துக்கொள்வார்கள். சொன்ன மறுநாளே ஓடி வந்து மடியில் உட்கார மாட்டார்கள், சில வாரம் தள்ளி நின்று பார்ப்பார்கள். அதுவரை அவர்கள் இருக்கும் அறையில் கேள்வி எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருங்கள். இன்னொன்றையும் நேராகவே கேட்டுவிடுகிறேன். கத்துவதோடு நிற்காமல் கை நீள்கிறதா? நீள்கிறது என்றால் மூச்சுப் பயிற்சியெல்லாம் போதாது. கோபம் ஏறும்போது வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள், ஆலோசனைக்கு இந்த வாரமே போங்கள்.

ராத்திரி 2 மணி விழிப்புக்குப் பல காரணம் இருக்கலாம். உங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது டீயும் குடியும். ஸ்டாண்டில் இரவு 8 மணிக்குக் குடிக்கும் டீயின் காஃபீனில் ஏறத்தாழ பாதி, நள்ளிரவு தாண்டியும் ரத்தத்தில் இருக்கும். மாலை 4 மணிக்கு மேல் டீயை நிறுத்திப் பாருங்கள். தேயிலைக்காரரிடம் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் செலவே இல்லாமல் பலன் தருகிற வேலை இது. விழிப்பு வந்தால் கடிகாரத்தையும் போனையும் பார்க்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, தூக்கம் வந்ததும் திரும்பப் படுங்கள். கணக்குக்கென்று பகலில் ஒரு அரைமணி நேரத்தை ஒதுக்குங்கள். 2 மணிக்கு டியூ ஞாபகம் வந்தால் ஒரு தாளில் ஒரு வரி எழுதிவிட்டு, “நாளை சாயங்காலம் 5 மணிக்கு” என்று தள்ளிவிடுங்கள். கவலையை இப்படி நேரம் குறித்துத் தள்ளிவைக்கும் முறை மனநலச் சிகிச்சையில் பல வருடமாகப் பயன்படுகிறது. முதல் வாரம் அபத்தமாகத் தோன்றும், அதற்குப் பிறகு பலருக்குக் கை கொடுக்கிறது.

“குளிருக்குத்தான் சார் ஒரு குவார்ட்டர்” என்று இங்கே கேட்காத நாளில்லை. மது தோலுக்கு அருகில் இருக்கும் ரத்தக்குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் கதகதப்பாகத் தெரியும். உண்மையில் உடம்புச் சூடு வெளியேதான் போகிறது. தூக்கத்திலும் அப்படித்தான். படுத்ததும் தூக்கம் வரும், பின்னிரவில் கலையும். உங்கள் 2 மணி விழிப்புக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் குடிப்பவர் என்றால் மூன்று வாரம் நிறுத்திவிட்டுத் தூக்கத்தைக் கவனியுங்கள். தினமும் அதிகம் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையோடு நிறுத்த வேண்டும். சிகரெட்டில் கிடைக்கும் நிம்மதி பெரும்பாலும் முந்தைய சிகரெட் இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குவதுதான். விட்டவர்களுக்குச் சில வாரங்களில் பதற்றம் குறைவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வாங்கிப் போடாதீர்கள், மதுவோடு சேர்ந்தால் மூச்சே தடைபடலாம்.

விடிகாலை நடைப்பயிற்சி என்று எல்லாரும் சொல்வார்கள். கோத்தகிரியில் விடியும் முன் தனியாக நடந்தால் தோட்டத்துக்குள்ளிருந்து கரடி வரும், காட்டெருமை வரும். அதனால் வெயில் ஏறிய பிறகு நடங்கள். சவாரிக்காரர்கள் காட்சிமுனையில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரம் நீங்கள் வண்டிக்குள் போன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான். அந்த அரைமணி போதும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஐந்து சவாரியில் அது முடிந்துவிடும். மனச்சோர்வும் பதற்றமும் உடற்பயிற்சியால் குறைகின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. “தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறேனே, அது போதாதா” என்று கேட்பீர்கள். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் கணக்கை நினைத்துக்கொண்டே செய்கிற வேலையால் மனசு லேசாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஊர் மைதானத்தில் பையன்களோடு ஒரு மணி நேரம் வாலிபால் ஆடிய அன்று முகமே வேறாக இருக்கும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. ஜப்பானில் 1982-லிருந்து காட்டில் மெதுவாக உலவுவதை ஒரு பழக்கமாகவே பரப்பி வருகிறார்கள். ரத்த அழுத்தமும் பதற்றமும் சிறிது நேரத்துக்குக் குறைவதாக ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் பல ஆய்வுகள் சிறியவை. சோலைக்காட்டு ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு எவ்வளவு பலன் என்று என்னால் சொல்ல முடியாது. அமுக்கரா என்கிற அஸ்வகந்தாவுக்கும் சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. மனதில் உள்ளதை நோட்டில் எழுதுவது சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இன்னும் கிளறிவிடுகிறது. நீலகிரித் தைலம் நெற்றியில் தடவினால் சுகமாக இருக்கும், தடவிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம், உள்ளுக்கு மட்டும் சாப்பிடாதீர்கள்.

பேச ஒரு ஆள் வேண்டும். எதிரெதிரே நாற்காலி போட்டு “மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க” என்றால் நம் ஆண்கள் வாயைத் திறப்பதில்லை. டயர் மாற்றும்போது, இலை மூட்டையை எடைக்கு ஏற்றும்போது, பஸ் ஸ்டாப் வரை கூட நடக்கும்போது தானாகப் பேசுவார்கள். என்னிடம் முக்கியமானதைச் சொன்ன பலர் என் அறையில் வைத்துச் சொல்லவில்லை, கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னார்கள். ஸ்டாண்டில் உங்களுக்கு நம்பிக்கையான ஒரு அண்ணனோ மாமாவோ இருப்பார். “அண்ணா, ரெண்டு மாசமா தூக்கம் இல்ல” என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். அவர் தீர்வு சொல்ல வேண்டிய அவசியமில்லை. குடிக்கக் கூட்டிப்போகிற நண்பராக மட்டும் இருக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வேலைக்கே போக முடியாவிட்டாலோ, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலோ, இவை எல்லாவற்றையும் தாண்டி உதவி தேவை. 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அதில் நூற்றுக்கு 70-க்கும் மேல் ஆண்கள். அந்த நினைப்பு வந்தால் தனியாக இருக்காதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தை வீட்டிலிருந்து அகற்றி, வேறொருவர் பூட்டி வைக்கும்படி கொடுத்துவிடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. நினைப்பைச் சொல்வது குற்றம் இல்லை. முயற்சி செய்தவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்க வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றுதான் 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

நேரில் போக, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு கீழ்நிலை மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும். கோத்தகிரிக்கு எந்த நாள் என்று ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் “சும்மா செக்கப்” என்று திரும்பி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை வாரமாகத் தூக்கம் இல்லை, எத்தனை மணிக்கு விழிப்பு, நெஞ்சு எப்போது பிடிக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு குடி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். குடியின் அளவை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள், மாத்திரையையும் அதன் அளவையும் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.